குடலில் புழு: குற்றம் யாருடையது?

தென்சென்னையில் ஏழை எளிய மக்கள் வாழும் பகுதிகளில் 256 பேருடைய மலத்தை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கைக்குழந்தை முதல் ஐம்பது வயதுக்காரர் வரை அந்தக் கணக்கில் உண்டு. 194 பேருடைய குடலில் ஒட்டுண்ணி இருந்தது. நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல்! 2014-ம் ஆண்டு விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் வெளியான விவரம் இது. கிராமப் பகுதிகளில் அதிகம், பாதி நகரமாகிவிட்ட பகுதிகளில் சற்றுக் குறைவு என்றும் அதில் கண்டிருக்கிறது.

நாம் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. 256 பேர் என்பது சிறிய கணக்கு. அதை வைத்துக்கொண்டு தென்சென்னை முழுவதுமே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. மேலும், கண்டெடுத்த ஒட்டுண்ணிகளில் ஒருவகை அமீபா குடலில் சும்மா கிடக்குமேயன்றி வியாதி எதுவும் செய்யாது. ஆனால் தோழர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தச் சாது அமீபா அந்த மனிதனுடைய வயிற்றுக்குள் எப்படிப் போயிற்று? இன்னொருவருடைய மலம் பட்ட தண்ணீரோ சோறோ அவன் வாய்க்குள் போகாமல் அது போயிருக்க முடியாது. சீதபேதி உண்டாக்கும் அமீபாவும், ஜியார்டியாவும், நாக்குப்பூச்சி என்று நாம் சொல்கிற உருண்டைப்புழுவும் அதே பாதையில்தான் போகின்றன. பாதை திறந்து கிடக்கிறது. இன்றைக்குச் சாது போனான், நாளைக்குத் திருடன் போவான்.

பாதையைத் திறந்து வைத்தது யார்? அதுதான் நம்முடைய கேள்வி.

பொழிச்சலூரை எடுத்துக்கொள்வோம். சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே, பம்மலுக்குப் பக்கத்தில், அடையாற்றை ஒட்டியிருக்கும் ஊர். அகத்தீஸ்வரர் கோயிலில் சனி பகவானைக் கும்பிடச் சனிக்கிழமைதோறும் எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். தலைக்கு மேலே விமானம் பறக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் வயலும் வரப்புமாக இருந்த இடமெல்லாம் மனைகளாகி, வீடுகளாகி, சந்துகளாகிவிட்டன. கட்டட வேலைக்காரர், தோல் பதனிடும் தொழிலாளர், சின்னப் பட்டறைத் தொழிலாளர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், அக்கம் பக்கத்தில் அனகாபுத்தூர் நெசவாளர் என்று உழைப்பாளி மக்கள் நிறைந்த வட்டாரம் இது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் அதில் சேர்த்தார்கள். பக்கத்து ஊரான பம்மல் மாநகராட்சிக்குள் போயிற்று. பொழிச்சலூரோ அப்போது கிராமப் பஞ்சாயத்தாகவே விடப்பட்டது. ஜனத்தொகை நகரத்துடையது, நிர்வாகம் கிராமத்துடையது! மனை விற்றவனுக்குப் பட்டணத்து விலை கிடைத்தது. மனை வாங்கியவனுக்குப் பட்டணத்துச் சாக்கடை கிடைத்ததா?

இந்தப் புறநகர் முழுவதிலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க்தான் கதி. அரை கிரவுண்டு மனையில் ஒரு மூலையில் டாங்க், மறு மூலையில் போர். டாங்க் நிரம்பினால் லாரி வரவேண்டும், லாரிக்குப் பணம் வேண்டும். பணம் இல்லாத வீட்டில் டாங்க் வழிகிறது. பணம் கொடுத்த வீட்டின் கழிவோ இரவு நேரத்தில் அடையாற்றிலும் ஏரிக் கால்வாயிலும் கொட்டப்படுகிறது என்று பத்திரிகைகளில் எத்தனையோ முறை செய்தி வந்தாகிவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி இந்த ஊர்களுக்குள் புகுந்ததே, அப்போது ஆறும் சாக்கடையும் செப்டிக் டாங்கும் கிணறும் ஒன்றாகிவிட்டன. வெள்ளம் வடிந்தது. நாக்குப்பூச்சியின் முட்டை வடியவில்லை. ஒரு பெண் புழு ஒரே நாளில் இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டை ஈர மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வெள்ளம் வந்தால்தான் இப்படியா? 2024 டிசம்பரில் பல்லாவரம் மலைமேட்டிலும் கண்டோன்மெண்ட் பகுதியிலும் முப்பதுக்கு மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உயிர்களும் போயின. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்று ஜனங்கள் கூறினார்கள். அமைச்சர் அதை மறுத்தார். அது புழு நோய் அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் வியாதி வரும் வழி ஒன்றே. அந்த வழியைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது மறுப்பு. குழாயைத் தோண்டிப் பார்ப்பது பிறகுதான்.

இது வரை வாய் வழியாகப் போகும் புழுவைப் பற்றிச் சொன்னோம். கால் வழியாகப் போகும் புழு ஒன்று இருக்கிறது. உழைப்பாளி மக்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். கொக்கிப்புழு என்று பெயர்.

அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் இருந்தால் சில நாட்களில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாகிக் காத்திருக்கிறது. செருப்பில்லாத கால் அங்கே பட்டால் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். பிறகு ரத்தத்தோடு ஓடி நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்க் கடித்துத் தொங்குகிறது. அங்கேயே வருஷக்கணக்கில் குடியிருந்து ரத்தம் குடிக்கிறது. நம் தென்னாட்டில் அதிகமாகக் காணப்படும் வகை நாளொன்றுக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். நூறு புழு இருந்தால்? நாளுக்கு 3 மில்லி. ஒரு வருஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல்! மனிதனுடைய உடலில் மொத்தம் ஐந்து லிட்டர் ரத்தம்தான் ஓடுகிறது. இன்னொரு வகைப் புழு இதைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் குடிக்கும்.

நடவு நடும் பெண், சேறடிக்கும் ஆள், செங்கல் சூளையில் மண் மிதிக்கும் குடும்பம், வெறுங்காலோடு சாக்கடையில் இறக்கப்படும் துப்புரவுத் தொழிலாளி ஆகிய இவர்களுடைய கால்தான் அந்தப் புழுவுக்கு வாசற்படி. நடவு வயலில் செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பது வயலில் இறங்கியவனுக்குத் தெரியும். வயலுக்கு வெளியிலாவது போட விட்டார்களா? ஊர்த் தெருவில் செருப்போடு நடந்தால் உதைப்பேன் என்று சேரி மக்களைத் தடுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! சாதித் திமிர் அவர்களுடைய மானத்தை மட்டும் பறிக்கவில்லை, ரத்தத்தையும் பறித்தது.

இந்தப் புழுவுக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு பழையது. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். கோட்டார்ட் சுரங்கம் என்று பெயர். 1872-ல் தொடங்கிய வேலை. பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள்தான் உள்ளே இறங்கினார்கள். சூடு, ஈரம், கழிப்பிடம் கிடையாது. இருந்த இடத்திலேயே மலம் கழித்து, அதே சேற்றில் நின்று பாறையை உடைத்தார்கள். 1875-ல் பொறுக்க முடியாமல் வேலை நிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, நால்வர் மாண்டனர். பிழைத்தவர்கள் வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, நடை தள்ளாடித் திரும்பினார்கள். 1880-ல் டூரின் நகரத்து விஞ்ஞானி பெரோன்சிட்டோ அவர்களுடைய மலத்தைச் சோதித்தார். கொக்கிப்புழு! சுரங்கத்தில் கழிப்பிடம் வைக்கக் காசு செலவிடாத முதலாளியின் மிச்சம், தொழிலாளியின் குடலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு கதையும் கேளுங்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் பஞ்சாலைகளிலும் பருத்தி வயல்களிலும் வேலை செய்த ஏழை வெள்ளையர்களை அந்த நாட்டுப் பணக்காரர்கள் சோம்பேறிகள் என்று ஏசினார்கள். 1902-ல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி, அவர்களுடைய சோர்வுக்குக் காரணம் கொக்கிப்புழு என்று எடுத்துக் காட்டினார். பத்திரிகைகள் என்ன செய்தன? “சோம்பேறித்தனத்தின் கிருமி கண்டுபிடிப்பு” என்று கேலித் தலைப்புப் போட்டன. ரத்தமில்லாதவனைச் சோம்பேறி என்பது அங்கு மட்டுமா நடந்தது? “இந்தக் கூலி ஆட்களுக்கு உடம்பு வணங்காது” என்று நம்மூர்ப் பண்ணையாரும் மேஸ்திரியும் சொல்லாத நாள் உண்டா? மூன்று மணி நேரம் நடவு நட்டதும் கண் இருட்டி வரப்பில் உட்காரும் பெண்ணை, வேலைக்குக் கள்ளி என்று திட்டுகிறவர்கள் அவளுடைய ரத்தத்தைச் சோதித்துவிட்டுத் திட்டட்டும்.

நமது சொந்தச் சகோதரர்களின் கதையும் இதில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்நாட்டுக் கூலி மக்களிடையே 1916-ல் மாத்தளைப் பகுதியில் ராக்பெல்லர் பணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. சோதித்துப் பார்த்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் புழு. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, மறுபடியும் வந்தது. ஏன்? தோட்டத்தில் கழிப்பிடம் இல்லை. கழிப்பிடம் கட்டு என்றால் துரைமார்கள் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். “கட்டினாலும் கூலிகள் உபயோகிக்க மாட்டார்கள்” என்பது அவர்களுடைய சமாதானம். பிறகு மண்டபம் முகாமிலேயே, கப்பலேறும் முன்பு, தொழிலாளிக்குப் புழு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். லயத்தைச் சுத்தம் செய்வதைவிடக் கூலியின் குடலைச் சுத்தம் செய்வது மலிவாயிற்று.

இப்போது இன்றைய நிலைமைக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடத்தினார்கள். 36,536 வீடுகளில் 1,40,932 பேரைக் கணக்கெடுத்து, அவர்களில் 6,089 பேருடைய மலத்தை 2017 டிசம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை சோதித்தார்கள். வயதுக்கும் ஜனத்தொகைக்கும் ஏற்பக் கணக்கிட்டால் ஐந்து பேரில் ஒருவருக்குக் கொக்கிப்புழு. நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. புழு யாருக்கு அதிகம் தெரியுமா? குழந்தைகளுக்கு அல்ல, பெரியவர்களுக்கு! பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களிடம் பல மடங்கு அதிகம். வசதியுள்ள வீட்டில் குறைவு. குடும்பத் தலைவி படித்திருந்தால் குறைவு. அண்மையில் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் குறைவு.

பெரும்பாலோருக்குப் புழுச் சுமை லேசானதுதான் என்றும் அந்த ஆராய்ச்சி கூறுகிறது. உண்மை. ஆனால் லேசான சுமை என்பது யாருக்கு லேசு? மாதாமாதம் ரத்தம் இழக்கிற, பிள்ளை பெறுகிற, கறியும் முட்டையும் எப்போதாவது பார்க்கிற பெண்ணுக்கு லேசா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57. எல்லாமே புழுவினால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. பாதி வயிற்றுச் சோறுதான் முதல் காரணம். ஆனால் அந்தப் பாதி வயிற்றிலும் புழு பங்கு கேட்கிறது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா? செய்கிறது. 2015 பிப்ரவரியிலிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி மாத்திரை. நல்ல காரியம், வரவேற்கிறோம். மாத்திரை கொடுக்கும் அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்ட பிறகு சில பிள்ளைகளுக்கு வயிறு புரட்டும், தலை சுற்றும். புழு அதிகம் இருந்தால் இது உண்டு. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் நீங்கலாக, சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் நல்லதே.

ஆனால் நாம் கேட்கிறோம்: முப்பத்தொன்றாம் வயதில் புழு விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறதா? நாற்பது வயது நடவுக்காரிக்கும், ஐம்பது வயது சூளைத் தொழிலாளிக்கும், சாக்கடையில் இறங்குகிறவனுக்கும் புழு இல்லையா? ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது, அதிலும் பெரியவர்களுக்கே அதிகம் என்று நம்முடைய மாநிலத்து ஆராய்ச்சியே சொல்கிறதே! தேயிலை பறிப்போர், சுரங்கத் தொழிலாளர் போன்ற ஆபத்தான வேலை செய்யும் பெரியவர்களும் இந்த வியாதிக்கு எளிதில் ஆளாவார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் அப்பனுக்கும் அம்மாவுக்கும் புழு. மறுபடியும் அதே மண், அதே கால். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை இது.

மாத்திரைக்கும் ஒரு எல்லை உண்டு. நாக்குப்பூச்சியையும் கொக்கிப்புழுவையும் அது தாக்கும். சீதபேதி அமீபாவை ஒன்றும் செய்யாது. போன ரத்தத்தைத் திருப்பித் தராது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் நல்ல சோறும் வேண்டும். மண்ணில் கிடக்கும் முட்டையை அது எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

இங்கே ஜனங்களிடையே உள்ள சில அபிப்பிராயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இனிப்புத் தின்றால் பூச்சி வளரும் என்கிறார்கள். இல்லை. முட்டை வாய்க்குள் போகாமல், அல்லது தோலைத் துளைத்துப் புழு நுழையாமல், எத்தனை வெல்லம் தின்றாலும் பூச்சி வராது. தூக்கத்தில் பிள்ளை பல்லைக் கடித்தால் பூச்சி என்கிறார்கள். அதுவும் நிச்சயமில்லை. விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவிவிட்டால் போதும் என்று நம் பாட்டிமார்கள் நினைத்தார்கள், வேறு வழியில்லாத காலத்தில். கடித்துத் தொங்குகிற கொக்கிப்புழு விளக்கெண்ணெய்க்கு அசையாது. பூச்சி விழுந்தது என்று வெளியில் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள்தான் வியாதியைக் கொண்டு வந்தார்கள் என்ற பேச்சையும் கேட்கிறோம். கழிப்பிடமில்லாத தகரக் கொட்டகையில் அவர்களை அடைத்து வைத்திருக்கும் காண்டிராக்டரை விட்டுவிட்டு, அடைபட்டவனைக் குற்றம் சொல்வதா?

“கை கழுவுங்கள், நகம் வெட்டுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், செருப்புப் போடுங்கள்” என்று சுவரில் எழுதுகிறார்கள். நாமும் அதையேதான் சொல்கிறோம். ஒவ்வொன்றும் சரியான யோசனை, முடிந்தவரை செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின் மருந்து அமீபாவின் கூட்டை எளிதில் கொல்லாது, கொதிக்க வைத்தால் சாகும். ஆனால் குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவளிடம் அடிக்கடி கை கழுவு என்பதும், காஸ் சிலிண்டர் வாங்கக் கடன் கேட்பவளிடம் தண்ணீரைக் காய்ச்சு என்பதும், சொல்கிறவனுக்குச் செலவில்லாத உபதேசம்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே கழிப்பிடம் வேண்டும், கழிப்பிடத்திலிருந்து 6 மீட்டருக்குள் குடிநீர் வைக்கக்கூடாது என்றெல்லாம் எழுதி வைத்தது. மில் தொழிலாளி போராடிப் பெற்ற உரிமை அது. எத்தனை ஷெட்டுகளில் அது நடப்பில் இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் ஏட்டிலாவது இருந்தது. வயலில் வேலை செய்பவளுக்கு ஏட்டிலும் இல்லை. 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. வேலையிடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதன் அட்டவணையில் இடம் பெற்றன. கழிப்பிடம் இடம் பெறவில்லை. ஏரிக்கரையில் நாள் முழுக்க மண் வெட்டுகிற நூறு பெண்கள் எங்கே போவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. ஏரிக்கரைக்கே போனார்கள். மறுநாள் அதே மண்ணைத்தான் வெட்டினார்கள்.

இது மாற்ற முடியாத தலைவிதியா? தென்கொரியாவைப் பாருங்கள். 1971-ல் அங்கே நாடு முழுவதும் மலச் சோதனை நடத்தியபோது நூற்றுக்கு 84 பேருக்குப் புழு முட்டை தெரிந்தது. நம் தென்சென்னைக் கணக்கைவிட மோசம்! 1966-லேயே இதற்கென்று சட்டம் போட்டு, பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு தடவை சோதித்து, புழு இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். மனித மலத்தை வயலுக்கு உரமாகப் போடும் வழக்கம் போயிற்று, கழிப்பிடம் வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது. 1992-ல் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. இருபது வருஷம்தான்! அந்த மக்களுடைய குடலும் நம்முடைய குடலும் ஒன்றே.

ஆகவே ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை கேட்க வேண்டியவை இருக்கின்றன. பொழிச்சலூர் போன்ற புறநகர் ஊர்களில் பாதாளச் சாக்கடைக்குக் காலக்கெடு வேண்டும். அது வரும் வரை செப்டிக் டாங்க் லாரியைப் பஞ்சாயத்தே நியாயமான கட்டணத்துக்கு ஓட்டட்டும், ஆற்றில் கொட்டுகிறவனைப் பிடித்து லாரியைப் பறிமுதல் செய்யட்டும். போர்த் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் மாதம் ஒரு முறை சோதித்து முடிவை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டட்டும். விவசாயத் தொழிலாளி, சூளைத் தொழிலாளி, துப்புரவுத் தொழிலாளி ஆகியோருக்கு வயது பாராமல் ஆண்டுக்கு இரண்டு முறை மாத்திரையும், அத்தோடு ரத்தச் சோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையம் கொடுக்கட்டும். சாக்கடையில் மனிதனை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதை மீறுகிற காண்டிராக்டர் மீது வழக்குப் போடட்டும். கட்டட வேலையிடமானாலும் மண் வேலையானாலும் கழிப்பிடம் வைக்காமல் வேலை தொடங்கக்கூடாது.

கிராம சபை மே 1-ம் தேதி கூடுகிறது, ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் ஜனவரி 26-லும் கூடுகிறது. பெரும்பாலான ஊர்களில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கலைந்து போகிறார்கள். அங்கே பெண்கள் நூறு பேர் போய் உட்கார்ந்து, தண்ணீர்ச் சோதனை முடிவைக் கொண்டுவந்து வாசியுங்கள் என்று கேட்கட்டும். வாசித்த பிறகு தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடட்டும்.